லெமான்ஸை ஜி.டி.ஓ. ஆக்கிப் போட்டியில் நிறுத்தலாமா?

வாசகர் கேள்வி, 2024 மார்ச் 9

1965 பான்டியாக் லெமான்ஸ் ஒன்று ஒஹாயோவில் விலைக்கு வந்திருக்கிறது. பான்டியாக்கின் பெரிய எஞ்சின் வேகக் காரான ஜி.டி.ஓ. போலவே அச்சு அசலாக மாற்றி வைத்திருக்கிறார்கள். இப்படி மாற்றிய காரைக் குளோன் என்பார்கள். வாங்கி, நடுவர்கள் புள்ளி போடும் ஷோக்களில் நிறுத்த ஆசை. என் நண்பரோ, "குளோனை நடுவர் முன்னால் நிறுத்துவதும் கவரிங் நகையை அடகுக் கடையில் நீட்டுவதும் ஒன்றுதான்" என்கிறார். இங்கே யாராவது நிறுத்தியிருக்கிறீர்களா?

மார்ச் 9, இரவு

நிறுத்தியிருக்கிறேன். என்னுடையதும் 1965 லெமான்ஸ்தான். டெட்ராய்ட் பக்கம் இருக்கிறேன், ஆறு வருடமாக வார இறுதி முழுக்க அந்தக் காருக்கே போகிறது. 389 கன அங்குல எஞ்சின், நான்கு கியர், பானெட் நடுவில் காற்றுமூக்கு, கருப்பு கிரில், சிவப்புக் கோடு போட்ட டயர். தூரத்திலிருந்து பார்த்தால் ஜி.டி.ஓ. கிட்டே வந்து பார்த்தாலும் ஜி.டி.ஓ.தான்.

உங்கள் நண்பர் சொன்னது பாதி சரி. கவரிங் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிறவரை யாரும் திருடர் என்று சொல்வதில்லை. தங்கம் என்று அடகு வைத்தால்தான் வம்பு. காரும் அப்படித்தான். விண்ணப்பத்தில் 'குளோன்' என்றோ 'டிரிபியூட்' என்றோ எழுதிவிட்டு நிறுத்துங்கள், யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. எழுதாமல் நிறுத்தினால் நண்பர் சொன்னதுதான். நான் முதல் தடவை எழுதவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

வாங்கும் முன் வின் நம்பரை, அதாவது காரின் தகட்டில் இருக்கும் அடையாள எண்ணைப் பாருங்கள். ஜி.டி.ஓ. என்றால் 242 என்று தொடங்கும், லெமான்ஸ் என்றால் 237.

காரில் இருந்த பழைய 326 எஞ்சின் என் கராஜில் தார்ப்பாய்க்குக் கீழே சும்மா கிடக்கிறது. யாருக்காவது வேண்டுமானால் வந்து எடுத்துக்கொள்ளலாம், விலை பேசிக்கொள்வோம்.

மார்ச் 10

நேற்று இரவு எழுதியதில் ஒரு தவறு. 242 என்பது 1966-லிருந்துதான். உங்களுக்குப் பார்த்திருக்கும் வண்டி 1965 என்பதால் அந்தக் குறிப்பு உதவாது. 1964, 1965 இரண்டு வருடமும் ஜி.டி.ஓ. தனி மாடல் இல்லை, லெமான்ஸ் வாங்கும்போது கூடுதலாகப் பணம் கட்டி எடுத்துக்கொண்ட ஆப்ஷன். அதனால் 1965-இல் அசல் ஜி.டி.ஓ.வுக்கும் 237 நம்பர்தான்.

ஏன் அப்படி என்றால், 1963 ஜனவரியில் பான்டியாக்கின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் தன் பிரிவுகளை ரேஸிலிருந்து விலகச் சொல்லிவிட்டது. நடுத்தர அளவு கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைக்கக் கூடாது என்ற விதியும் இருந்தது. பான்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனும் அவருடன் இருந்த பொறியாளர்களும் பெரிய காரின் 389-ஐ எடுத்து நடுத்தர அளவு டெம்பெஸ்ட் உடம்புக்குள் வைத்தார்கள் (லெமான்ஸ் அந்த டெம்பெஸ்டின் உயர்ரக வடிவம்). புது மாடல் என்றால் மேலிடத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும், ஆப்ஷன் என்றால் அந்தச் சிக்கல் இல்லை. 1964-இல் 32,450 விற்றது, அடுத்த வருடம் 75,352. அதற்கப்புறம் மேலிடம் வாயைத் திறக்கவில்லை.

ஆக, 1965 காரில் வின் நம்பரை எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் பதில் கிடைக்காது. பி.எச்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லும் பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸிடம் தொழிற்சாலையின் பழைய பில் பதிவுகள் இருக்கின்றன. வின் நம்பர் கொடுத்துக் கட்டணம் கட்டினால் அந்தக் காரின் நகல் வரும். அதில் ஜி.டி.ஓ. ஆப்ஷன் இருந்தால் அசல், இல்லாவிட்டால் லெமான்ஸ். தீர்ந்தது.

மார்ச் 16

"அப்படியானால் எல்லா மசில் காரிலும், அதாவது பெரிய எஞ்சின் வேகக் காரிலும், இதே கதையா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. பிளைமவுத், டாட்ஜ் கார்களில் வின் நம்பரின் ஐந்தாவது எழுத்தே எஞ்சினைச் சொல்லிவிடும். 1970 பிளைமவுத் குடாவில் அந்த இடத்தில் R இருந்தால் 426 ஹெமி எஞ்சின், V இருந்தால் 440 சிக்ஸ் பேரல். வேறெந்த எழுத்து இருந்தாலும், எவ்வளவு அழகாக ஹெமியை இறக்கி வைத்திருந்தாலும், நடுவர் முன் கண்ணாடி வழியாக வின் தகட்டைப் பார்த்த உடனே தெரிந்துவிடும்.

ஷெவர்லே செவெல் விஷயம் வேறு. 1966 முதல் 1968 வரை அதன் வேக வகையான எஸ்.எஸ். 396 என்றால் 138 என்று தொடங்கும். 1969-இல் அது ஆப்ஷன் ஆகிவிட்டது, அப்புறம் நம்பரில் தெரியாது. பெட்ரோல் டேங்க் மேலேயோ சீட் ஸ்பிரிங்குக்குள்ளேயோ சில சமயம் பில்ட் ஷீட், அதாவது எந்தெந்தப் பாகம் போட வேண்டும் என்று தொழிற்சாலையில் குறித்த காகிதம், சிக்கியிருக்கும், அதுதான் சாட்சி. 1970 எஸ்.எஸ். குளோன்கள் இவ்வளவு திரிவதற்குக் காரணம் இதுதான்.

1969 ஷெவர்லே கமாரோ இசட்-28-உம் அப்படியே. வின் நம்பர் வி-8 என்று மட்டும் சொல்லும், 302 எஞ்சின் என்று சொல்லாது.

இன்னொருவர் தனி மடலில், "தகட்டையே மாற்றிவிட்டால்?" என்று கேட்டிருந்தார். அவருக்கு மடலில் எழுதியதையே இங்கேயும் எழுதுகிறேன். வின் தகட்டைக் கழற்றுவதும் மாற்றுவதும் அமெரிக்காவில் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். பேட்ஜ் ஒட்டுவதும் நம்பரை மாற்றுவதும் ஒன்றல்ல. அந்தப் பேச்சை இங்கே எடுக்க வேண்டாம்.

மார்ச் 31

முதல் தடவை என்ன நடந்தது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். சரி.

2022 கோடை. ஒரு சிறிய ஊர் ஷோ, பெயர் வேண்டாம். விண்ணப்பத்தில் 'ஆண்டு, தயாரிப்பு, மாடல்' என்று ஒரே ஒரு வரி. நான் '1965 பான்டியாக் ஜி.டி.ஓ.' என்று எழுதினேன். எழுதும்போது பேனா ஒரு நொடி நின்றது, அது இன்னும் நினைவில் இருக்கிறது. பக்கத்தில் இடம் இருந்தது. 'குளோன்' என்று எழுத எவ்வளவு இடம் வேண்டும்? எழுதவில்லை. நான்கு வருட உழைப்பு, நானே டிங்கரிங் பார்த்தேன், நானே பட்டி தேய்த்தேன், அந்த ஒரு வார்த்தை எல்லாவற்றையும் கீழே இறக்கிவிடும் என்று தோன்றியது.

அசல் நிலைப் பிரிவில் போட்டார்கள். நடுவர் டார்ச்சும் பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற சின்னக் கண்ணாடியும் வைத்திருந்தார். முன் ஃபெண்டர் அடியில் கண்ணாடியை நீட்டி, கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தார். அங்கே பழைய பேட்ஜ் துளைகளை நான் வெல்டு வைத்து அடைத்த தடம் இருக்கிறது. வெளியே வழவழவென்று இருக்கும், உள்ளே மூன்று கொப்புளம். அவர் பார்த்தாரா இல்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எதுவும் கேட்கவில்லை.

எனக்கு இரண்டாம் பரிசு. மூன்றாம் பரிசு வாங்கியவருக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். அவருடைய ஜி.டி.ஓ. அவர் அண்ணன் 1965-இல் புதிதாக வாங்கியது. சீட் வெளுத்திருந்தது, குரோம் மங்கியிருந்தது, அதனால் புள்ளி குறைந்திருக்கும். என்னிடம் வந்து கைகுலுக்கி, பெயிண்ட் அருமை என்றார். பிறகு, "பி.எச்.எஸ். காகிதம் எடுத்துவிட்டீர்களா?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். "இன்னும் இல்லை" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை ஷோ நடத்தியவரை ஃபோனில் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னேன். கேடயத்தைத் தபாலில் அனுப்பிவிட்டேன். அவர்கள் அந்தப் பெரியவருக்கு மாற்றிக் கொடுத்தார்களா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஏப்ரல் 2

மேலே எழுதியதற்கு ஒருவர், "நீங்கள் சொல்லாமல் விட்டது தவறுதான், ஆனால் கவனிக்காதது நடுவரின் தவறு இல்லையா?" என்கிறார். ஒப்புக்கொள்ள மாட்டேன். ஊர் ஷோவில் ஒருவர் ஒரே மதியத்தில் முப்பது நாற்பது கார் பார்க்கிறார், சம்பளம் கிடையாது, வெயிலில் நிற்கிறார். விண்ணப்பத்தில் எழுதியதை நம்பித்தான் அவர் வேலை செய்ய முடியும்.

ஏப்ரல் 20

கவரிங் உவமையைத் திருத்த வேண்டும். கவரிங்கில் உள்ளே இருப்பது வேறு உலோகம். என் காரில் அப்படி இல்லை. லெமான்ஸும் ஜி.டி.ஓ.வும் ஒரே பிரஸ்ஸில் அடித்த தகடு, ஒரே வரிசையில் முன்னும் பின்னும் நகர்ந்த கார்கள். என் 389 எஞ்சின் பான்டியாக்கின் பெரிய காரான 1965 கேட்டலினாவிலிருந்து எடுத்தது, சிலிண்டர் ஹெட்டில் 77 என்ற வார்ப்பு எண் இருக்கிறது. அந்த வருட ஜி.டி.ஓ.விலும் 77-தான். ஆகவே என் கார் கவரிங் இல்லை, ஹால்மார்க் இல்லாத தங்கம். அப்படிச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

மே 5

சொல்லக் கூடாது. ஜி.டி.ஓ. ஆப்ஷன் என்பது எஞ்சின் மட்டுமில்லை என்று ஃப்ளிண்ட் நகரத்து நண்பர் ஒருவர் பதில் போட்டிருந்தார். இரண்டு நாள் மனதில் போட்டுப் பார்த்தேன், அவர் சொல்வது சரி. ஸ்பிரிங் கனம், முன் ஸ்வே பார், பின் ஆக்சில், டூயல் சைலன்சர் எல்லாம் சேர்ந்ததுதான் அந்த ஆப்ஷன். அவற்றை நான் கடையில் வாங்கிப் போட்டேன். சிலது மறுதயாரிப்பு. காற்றுமூக்கு பானெட் புதிதாக அடித்தது. என் காரில் தங்கமும் இருக்கிறது, கவரிங்கும் இருக்கிறது. எது எது என்று எழுதி வைப்பதுதான் என் வேலை, மொத்தத்துக்கும் ஒரு உவமை தேடுவது வீண்.

எஞ்சின் நம்பர் பற்றியும் அவர் ஒன்று நினைவுபடுத்தினார். 'நம்பர்ஸ் மேட்சிங்' என்று எல்லோரும் பேசுகிறோம். பான்டியாக்கில் காரின் வின் நம்பரை எஞ்சினிலும் குத்தத் தொடங்கியது 1968-இல். அதற்கு முன்பு எஞ்சினுக்குத் தனி வரிசை எண்தான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க பி.எச்.எஸ். தரும் பதிவு வேண்டும். 1965 காரை நிறுத்தி "மேட்சிங்" என்று ஒருவர் சொன்னால், காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

மே 6

சிவப்புக் கோடு டயர் எங்கே வாங்கினேன் என்று கேட்டவருக்கு: பழைய அச்சில் இன்றும் புதிதாக வார்த்து விற்கிறார்கள். ரேடியல் வேண்டாம், அந்தக் காலத்து வகையான பயாஸ் பிளை எடுங்கள், 7.75-14. நெடுஞ்சாலையில் வண்டி கொஞ்சம் அலையும், ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 23

கேள்வி கேட்ட நண்பர் ஒஹாயோ வண்டியை வாங்கிவிட்டாராம். வாழ்த்துகள். எந்தப் பிரிவில் நிறுத்துவது என்று கேட்கிறார். அதில்தான் உண்மையான தலைவலி.

2023-இல் புத்தி வந்து 'குளோன்' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். மாற்றியமைத்த கார்கள் பிரிவில் போட்டார்கள். என் இடப்பக்கம் ஒரு செவெல், உள்ளே புத்தம்புது எல்.எஸ். எஞ்சின், பதினெட்டு அங்குலச் சக்கரம், டிஸ்க் பிரேக்கு தட்டு அளவில். வலப்பக்கம் ஒரு மஸ்டாங், பானெட்டுக்குள் ஒரு வயர்கூடக் கண்ணில் படாது, எல்லாவற்றையும் மறைத்துக் கட்டியிருந்தார்கள். நடுவில் என் வண்டி, 1965-இல் எப்படி இருந்திருக்குமோ அப்படி, சாதுவாக. நடுவர்கள் இரண்டு நிமிடம் நின்றார்கள். அந்தப் பிரிவில் புதுமைக்குப் புள்ளி, என் உழைப்பு முழுக்கப் புதுமை தெரியாமல் இருக்கத்தான். அசல் பிரிவில் நிறுத்தினால் பொய், மாற்றியமைத்த பிரிவில் நிறுத்தினால் கண்ணில் படாது. குளோன் வைத்திருப்பவர் எல்லோருக்கும் இந்த நடுத்தெரு நிலைமை உண்டு.

பெரிய அமைப்புகளில் நிலைமை இன்னும் இறுக்கம். பழைய கார்களுக்கான அமைப்பான ஏ.ஏ.சி.ஏ.வில் 400 புள்ளியில் தொடங்கி, தொழிற்சாலையிலிருந்து வந்தபடி இல்லாத ஒவ்வொன்றுக்கும் குறைத்துக்கொண்டே போவார்கள். கார்வெட் மீட்டெடுப்பவர்களின் என்.சி.ஆர்.எஸ்.ஸில் மொத்தம் 4,500 புள்ளி, டாப் ஃப்ளைட் என்ற உயர் விருது வாங்க 94 சதவீதம் வேண்டும். அங்கே பெயிண்ட் தொழிற்சாலையில் அடித்ததைவிடப் பளபளத்தாலும் புள்ளி போகும். அப்படிப்பட்ட இடத்துக்கு லெமான்ஸை ஜி.டி.ஓ. என்று கொண்டுபோக வேண்டாம்.

எனக்குப் பலன் தந்த வழி இது. விண்ணப்பம் போடும் முன்பே நடத்துபவருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள், கார் என்ன, எதிலிருந்து மாற்றியது என்று முதல் வரியிலேயே. சில ஷோக்களில் குளோனுக்கும் டிரிபியூட்டுக்கும் தனிப் பிரிவு இருக்கிறது, விண்ணப்பத்தில் இல்லாவிட்டாலும் கேட்டால் சொல்வார்கள். பதிலை அச்செடுத்து டாஷ்போர்டில் வையுங்கள். அன்றைக்கு வாசலில் நிற்கிற தன்னார்வலருக்கு அந்த மின்னஞ்சல் தெரிந்திருக்காது.

ஜூலை 14

போன மாதம் ஒரு ஷோவில் காரின் முன்னால் அட்டை வைத்தேன். அதில் எழுதியதை அப்படியே தருகிறேன், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்:

'1965 பான்டியாக் லெமான்ஸ். ஜி.டி.ஓ. வடிவில் மாற்றப்பட்டது. உடல், கதவுகள், டிக்கி, கண்ணாடி: இந்தக் காருடையவை. எஞ்சின்: 1965 கேட்டலினா 389. கியர்பாக்ஸ்: வேறு காருடையது. பானெட், கிரில், பேட்ஜ்கள்: புதிதாகச் செய்தவை. பெயிண்ட்: உரிமையாளர் கராஜில் அடித்தது.'

அட்டையை ஆங்கிலத்தில்தான் வைத்தேன், இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன். அசல் கார்களுக்கு முன்னால் நின்றதைவிட இதன் முன்னால் ஆட்கள் அதிக நேரம் நின்றார்கள். படித்துவிட்டுக் குனிந்து பார்க்கிறார்கள், எது பழையது எது புதியது என்று தாங்களே தேடுகிறார்கள். ஒரு நடுவர் ஃபெண்டர் அடியில் அந்தக் கொப்புளங்களைத் தொட்டுப் பார்த்து, "இதை இன்னும் கொஞ்சம் தேய்த்திருக்கலாம்" என்றார். அவ்வளவுதான், ஒரு புள்ளி போனது. அந்த ஒரு புள்ளி எனக்கு எவ்வளவு நிம்மதி தந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 17, இரவு

இன்று வுட்வர்ட் டிரீம் குரூஸ். ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை என்றால் ஃபெர்ண்டேலிலிருந்து பான்டியாக் நகரம் வரை வுட்வர்ட் சாலை முழுக்கப் பழைய கார்தான். 1995-இல் தொடங்கியது. நடுவர் கிடையாது, அட்டை கிடையாது. காலையிலிருந்து ராயல் ஓக்கில் மகளுடன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். காது இன்னும் இரைகிறது.

ராயல் ஓக்கில்தான் ராயல் பான்டியாக் என்ற டீலர் இருந்தார்கள். 1964 மார்ச்சில் 'கார் அண்ட் டிரைவர்' பத்திரிகை ஜி.டி.ஓ.வைச் சோதித்து எழுதியதுதான் அந்தக் காருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. அந்த டீலர் தயார்செய்து சோதனைக்குப் போன காரில் 389 இல்லை, 421 இருந்தது என்று அதற்கு ஏற்பாடு செய்த பான்டியாக் விளம்பரக்காரர் ஜிம் வேங்கர்ஸே பல வருடம் கழித்து ஒப்புக்கொண்டார். ஃபெண்டரில் இருக்கும் '6.5 லிட்டர்' பேட்ஜையும் கணக்குப் போட்டுப் பாருங்கள், 389 கன அங்குலம் என்பது 6.4 லிட்டருக்குக்கூடக் கொஞ்சம் குறைவு.

இதை நான் என் பக்கம் நியாயம் தேடச் சொல்லவில்லை. அவர்கள் செய்தார்கள் என்பதால் நான் விண்ணப்பத்தில் எழுதாமல் விட்டது சரியாகிவிடாது. ஆனால் என் மகள் இதைக் கேட்டுவிட்டு, "அப்போ லெமான்ஸ்னு சொன்னா என்னப்பா கேவலமா? நம்ம வண்டி பேரே அதுதானே" என்றாள். பதில் சொல்லவில்லை. வீடு வரை யோசித்துக்கொண்டே ஓட்டினேன்.

ஆகஸ்ட் 19

பி.எச்.எஸ்.ஸுக்குப் பணம் கட்டிவிட்டேன். லெமான்ஸ் என்று தெரிந்த காருக்கு எதற்குக் காகிதம் என்று இத்தனை வருடம் விட்டிருந்தேன்.

செப்டம்பர் 15

காகிதம் வந்துவிட்டது. லெமான்ஸ்தான், அதில் ஆச்சரியம் இல்லை. 326, ஆட்டோமேட்டிக், நைட்வாட்ச் நீலம். நான் சிவப்பு அடித்திருக்கிறேன். டிக்கி ஓரத்தில் பட்டி தேய்க்கும்போது கருநீலம் தெரிந்தது, அதை மறைத்துத்தான் அடித்தேன்.

பதிவில் எஞ்சின் வரிசை எண்ணும் இருந்தது. கராஜுக்குப் போய்த் தார்ப்பாயை விலக்கி, 326-இன் முன்பக்கம், வலது சிலிண்டர் ஹெட்டுக்குக் கீழே கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தேன். எண்ணெய்ப் பிசுக்கு மெழுகு மாதிரி உரிந்து வந்தது. முதலில் ஒரு 3, பிறகு மற்றவை. காகிதத்தைப் பக்கத்தில் பிடித்து ஒவ்வொரு எண்ணாகப் படித்தேன். மகள் டார்ச் பிடித்தாள், அவளும் சத்தமாகப் படித்தாள். எல்லாம் ஒன்றுதான். ஐம்பத்தொன்பது வருடத்துக்கு முன்பு இந்தக் காருக்குள் வைத்த அதே எஞ்சின், ஆறு வருடமாகப் புல்வெட்டும் மெஷினுக்குப் பக்கத்தில் கிடந்திருக்கிறது.

மறுபடி உள்ளே வைப்பேனா, நீலம் அடிப்பேனா என்று கேட்காதீர்கள். 389-ஐயும் நான்கு கியரையும் விட மனம் வராது, அடுத்த மே மாதமும் அட்டையோடு இப்படியே நிறுத்துவேன். எஞ்சினை ஸ்டாண்டில் ஏற்றிவிட்டேன். பிஸ்டன் இறுகியிருக்கிறது, ஸ்பார்க் பிளக் துளை வழியாக எண்ணெய் ஊற்றி வைத்திருக்கிறேன், ஒரு வாரம் ஊறட்டும்.

மார்ச்சில் 326 வேண்டும் என்று கேட்ட இரண்டு பேருக்கும்: மன்னிக்கவும், அது விற்பனைக்கு இல்லை.